மாப்பிள்ளை ஓட்டும் காரில் மாமனார் எப்படி "நிறுத்துங்க" என்பார்?

டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"டாக்டர், வணக்கம். அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 70. மத்திய அரசு வேலை கிடைத்து 1973-ல் அப்பா டெல்லி வந்தார். அன்றிலிருந்து ஊருக்குப் போவதும் வருவதும் ரயிலில்தான். 'சம்பலையும் நர்மதையையும் ஜன்னல் கம்பி வழியாவே பார்த்தாச்சு, ஒரு தடவையாவது இறங்கி நின்னு பார்க்கணும்' என்று இப்போது சொல்கிறார். அதனால் இந்தப் பொங்கலுக்கு திருநெல்வேலிக்குக் காரிலேயே போகலாம் என்று என் கணவர் திட்டம் போட்டிருக்கிறார். ஜனவரி 10 கிளம்பினால் மூன்று நாளில் போய்விடலாமாம், அவரும் நானும் மாறி மாறி ஓட்டுவோம். அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தது. பிரஷருக்கும் ப்ராஸ்டேட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு சர்க்கரை, மாத்திரை மட்டும்தான். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சென்னையில் இருக்கும் அண்ணன், 'பிளேன்ல ஏத்தி விடு, மூணு மணி நேர வேலை, வயசானவங்களை வெச்சு விளையாடாதே' என்று சத்தம் போடுகிறார். கூட்டிப் போகலாமா, கூடாதா?"

கூட்டிப் போகலாம். மூன்று நாளில் கூடாது, பத்து நாளில் போங்கள். ஜனவரியிலும் வேண்டாம்.

டெல்லியிலிருந்து திருநெல்வேலி சுமார் 2,700 கிலோமீட்டர். மூன்று நாள் என்றால் ஒரு நாளைக்கு 900. நாற்பது வயதுக்காரர்கள் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினாலும் தினமும் பதினான்கு, பதினைந்து மணி நேரம் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். இதை நீங்கள் இருவர் மட்டும் செய்வதானால்கூட நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்து, இப்போது நெஞ்சு வலி எதுவும் இல்லாமல் நடமாடுகிறவருக்கு விமானம் பொதுவாக ஆபத்து இல்லை, உடம்புக்கு அதுதான் சுலபம். காரில் போவதால் மருத்துவ ரீதியாக ஒரு லாபமும் கிடையாது. ஆனால் அப்பா ஊருக்குப் போய்ச் சேருவதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லையே, வழியைப் பார்க்க வேண்டும் என்கிறார். 76 வயதில் ஒருவர் தனக்கென்று ஒன்றைக் கேட்டால், அதைச் செய்ய முடியுமா என்று பார்ப்பதும் என் வேலைதான் என்று நினைக்கிறேன். அம்மாவையும் தனியாக ஒரு தடவை கேளுங்கள். அப்பா எதிரில் கேட்டால் "அவருக்கு ஆசைன்னா எனக்கும் சரி" என்றுதான் பதில் வரும்.

முதலில் போகக்கூடாத நிலை எது என்று சொல்லிவிடுகிறேன். கடந்த சில வாரங்களில் அப்பாவுக்குப் புதிதாக நெஞ்சு இறுக்கமோ மூச்சு வாங்கலோ வந்திருந்தால், இரண்டு மாடி ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருந்தால், இருவரில் யாராவது சமீபத்தில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருந்தால், அம்மாவின் சர்க்கரை ஏறி இறங்கி ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பயணத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே இருவரையும் அவரவர் டாக்டரிடம் காட்டி, இசிஜி, சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் இவற்றோடு சோடியமும் பார்த்துவிடுங்கள். பிரஷர் மாத்திரைகளில் பலவற்றில் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்தே இருக்கும், வயதானவர்களுக்கு அதனால் சோடியம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். திடீர்க் குழப்பம், தள்ளாட்டம், விழுவது என்று என் வெளிநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் ஸ்டென்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள், எனக்கு அதைவிடப் பெரிய கவலை உங்கள் அப்பா தண்ணீர் குடிக்க மாட்டார் என்பதுதான்.

ப்ராஸ்டேட் பிரச்சினை இருக்கிறவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை போக வேண்டியிருக்கும், வந்துவிட்டால் அடக்கவும் முடியாது. ஸ்டீயரிங்கில் மாப்பிள்ளை. நெடுஞ்சாலையில் வண்டி நூறில் போகிறது. அந்த நேரத்தில் "கொஞ்சம் நிறுத்துங்க மாப்ளே" என்று சொல்ல நம் வீட்டு மாமனாருக்கு வாய் வராது. ஒரு தடவை சொல்வார், இரண்டாம் தடவை அடக்கிக்கொள்வார், மூன்றாம் தடவைக்குள் வழி கண்டுபிடித்திருப்பார்: காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. உங்கள் அம்மாவும் இதையேதான் செய்வார், கழிப்பறை சுத்தமாக இருக்காது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்ற பயமும் அவருக்குச் சேர்ந்துகொள்ளும். நீண்ட பயணம் முடிந்து என்னிடம் வரும் பெரியவர்களைப் பற்றிப் பிள்ளைகள் சொல்வதெல்லாம் "ஒரு தொந்தரவும் குடுக்கலை டாக்டர், ரொம்ப சமத்தா வந்தாங்க" என்பதுதான். சமத்தாக வந்தவர் கையில் சிறுநீர்த் தொற்று ரிப்போர்ட் இருக்கும். தண்ணீர் குறைந்தால் பிரஷர் விழும், மலச்சிக்கல் வரும், அந்த மலச்சிக்கலே ப்ராஸ்டேட்காரருக்குச் சிறுநீரை அடைத்துவிடும். ராத்திரி பத்து மணிக்குத் தெரியாத ஊரில் டியூப் போட ஆள் தேடி அலைவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் அவர்களைக் கேட்க வைக்காதீர்கள். கிளம்பும்போதே மாப்பிள்ளை வாயால் ஒரு விதி சொல்லட்டும்: "மாமா, வண்டி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிற்கும், எனக்கு முதுகு பிடிக்கும்." யாருக்கு அவசரம், யாருக்கு இல்லை என்ற பேச்சே வரக்கூடாது, மணி ஆனால் வண்டி நிற்க வேண்டும், எல்லோரும் இறங்க வேண்டும், நீங்களும் போய்விட்டு வர வேண்டும். தூரத்தை வைத்து நிறுத்தம் முடிவு பண்ணாதீர்கள். "இன்னும் நாற்பது கிலோமீட்டர்ல நல்ல ஹோட்டல் இருக்கு, அங்கே பார்த்துக்கலாம்" என்ற ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றையும் கெடுக்கும். நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பு அப்பா கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள், இதோ நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் தைரியமாகக் குடிப்பார். இன்னொன்று, காலை உணவுக்குப் பிறகான முதல் மூன்று மணி நேரம் நீங்கள் ஓட்டுங்கள். பிரஷர் மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து இருந்தால் அதன் வேகம் அப்போதுதான் அதிகம், பெண்ணிடம் "நிறுத்தும்மா" என்று சொல்வதில் அவருக்குத் தயக்கமும் குறைவு. நீங்கள் ஓட்டும்போது அம்மா முன் சீட்டில் வந்து உட்காரவும் முடியும், மாப்பிள்ளை ஓட்டும்போது எவ்வளவு சொன்னாலும் வர மாட்டார். முன் சீட்டைப் பின்னால் தள்ளி முழங்காலை நீட்டி உட்கார்ந்தால் அவருக்குப் பாதி வலி போய்விடும்.

அப்பாவின் பிரஷர் மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால், பயண நாட்களில் மட்டும் அதை மதியத்துக்கு மேல், தங்குமிடம் சேர்ந்த பிறகு போடலாமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆண்களுக்கான யூரின் பாட்டில் ஒன்று மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், மூடியுள்ளதாக வாங்கிப் பின் சீட்டில் ஒரு துணிப்பையில் வைத்து, இங்கே இருக்கிறது என்று ஒரு முறை மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள். அம்மாவுக்கு மடக்கும் கமோட் நாற்காலி. டிக்கியில் இடத்தை அடைக்கும், பரவாயில்லை, ஒரு சூட்கேஸைக் குறையுங்கள். இந்திய முறைக் கழிப்பறை மட்டுமே இருக்கும் பெட்ரோல் பங்க்கில் அதுதான் காப்பாற்றும்.

வண்டி நின்றவுடன் அப்பாவைச் சட்டென்று இறங்க விடாதீர்கள். ப்ராஸ்டேட் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் உட்கார்ந்து எழும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றும். கதவைத் திறந்து, இரண்டு காலையும் வெளியே தரையில் வைத்து ஒரு நிமிடம் உட்காரட்டும், கணுக்காலை நாலைந்து தடவை மேலும் கீழும் ஆட்டட்டும், பிறகு எழுந்து நிற்கட்டும். பயணங்களில் இடுப்பெலும்பு முறிவது பல நேரம் விபத்தால் இல்லை, காரிலிருந்து இறங்கும்போதும் ராத்திரி லாட்ஜ் பாத்ரூமிலும்தான். அறைக்கு ஒரு சின்ன நைட் லேம்ப் எடுத்துப் போங்கள், பிளக்கில் செருகுகிற மாதிரி. உயரமான வண்டி என்றால் காலை வைத்து ஏற ஒரு சின்ன ஸ்டூலும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. கார், பஸ், ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நான் சொன்ன நிறுத்தங்களை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் இதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். சாயங்காலம் இரண்டு பாதமும் லேசாக வீங்குவது சாதாரணம், ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மாவின் சர்க்கரை மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள், கிளிமிபிரைடு என்று இருக்கிறதா? இருந்தால் சாப்பாடு தட்டில் வந்த பிறகுதான் மாத்திரை வாய்க்குள் போக வேண்டும். தாபாவில் ஆர்டர் கொடுத்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ரொட்டி வர முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். வேர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத எரிச்சல் என்று எது தெரிந்தாலும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பயண நாட்களில் ஏகாதசி, சதுர்த்தி என்று எந்த விரதமும் வேண்டாம், இதை டாக்டர் சொன்னதாகவே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சு வலியே இல்லாமல் வரும் என்பதையும் மனதில் வையுங்கள். அம்மா "என்னமோ ஒரே அசதியா இருக்கு" என்று சொல்லி வியர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ, வாயு என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் இசிஜி எடுக்கும் இடத்துக்குப் போங்கள்.

முழங்கால் வலிக்கு பாராசிட்டமால் போதும். டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரைகளை வழியில் வாங்கிப் போடாதீர்கள், தண்ணீர் குறைந்திருக்கும் உடம்பில் அவை சிறுநீரகத்தை நேராக அடிக்கும். அதே மாதிரி அப்பாவுக்கு ஜலதோஷம் பிடித்தால் கடையில் கொடுக்கும் சளி மாத்திரையும், வாந்திக்கென்று கொடுக்கும் பிராமெத்தசின் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். முன்னது சிறுநீரை அடைக்கும், பிரஷரை ஏற்றும். பின்னது வயதானவர்களைத் தூக்கத்திலும் குழப்பத்திலும் தள்ளும், சிறுநீரையும் அடைக்கலாம். மூக்கடைப்புக்கு ஆவி பிடித்தால் போதும், வாந்தி உணர்வுக்கு முன் சீட், திறந்த ஜன்னல், இஞ்சி மிட்டாய்.

சரி, வழி. ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டர், மிஞ்சினால் 400. காலை உணவு முடித்துக் கிளம்பி மாலை நாலரைக்குள் அறையில் இருக்க வேண்டும். முதல் நாள் குவாலியர், அதற்கு முன் தோல்பூருக்கும் மொரேனாவுக்கும் நடுவில் சம்பல் வந்துவிடும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், கரைக்கு இறங்கும் வழி இருக்கிறது. அங்கே அப்பா எவ்வளவு நேரம் நிற்க நினைக்கிறாரோ நிற்கட்டும், முதலைகளும் கரியால் என்ற நீள மூக்கு முதலைகளும் இருக்கும் சரணாலயப் பகுதி அது, தண்ணீருக்குப் பக்கத்தில் மட்டும் போக வேண்டாம். இரண்டாம் நாள் ஜான்சி வழியாக சாகர். மூன்றாம் நாள் சாகரிலிருந்து நாக்பூர், கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், இந்தப் பயணத்தில் நான் கொஞ்சம் யோசிப்பது இந்த ஒரு நாளைத்தான். பெரிய இதய சிகிச்சை வசதி பக்கத்தில் இல்லாத நீளமான பகுதி, நரசிங்பூர், லக்னாடோன் பக்கம் ஏதாவது என்றால் ஜபல்பூர் போக வேண்டியிருக்கும், நூறு கிலோமீட்டருக்குள்தான். அதனால் அன்று மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். ஆனால் அப்பாவுக்கு மிகவும் பிடிக்கப் போவதும் அந்த நாள்தான்: நரசிங்பூருக்கு முன்னால் பர்மான் படித்துறையில் நர்மதை, சிவனி தாண்டியதும் பெஞ்ச் காடு, புலிகள் குறுக்கே போவதற்காகவே சாலையைத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். பர்மானில் அம்மா படிக்கட்டில் இறங்க வேண்டாம், மேலேயிருந்தே ஆறு நன்றாகத் தெரியும்.

நாக்பூரில் ஒரு முழு நாள் ஓய்வு. ஓய்வு என்றால் ஓய்வு, "ராம்டெக் கோயில் பக்கம்தானே" என்று காலையில் வண்டியை எடுத்துவிடாதீர்கள். துணி துவைத்து, நல்ல இட்லி சாப்பிட்டு, மதியம் தூங்கட்டும். பிறகு நிஜாமாபாத், அடுத்து கர்னூல். கர்னூலுக்கு முன்னால் துங்கபத்திரைக் கரையில் ஆலம்பூர், சாளுக்கியர் காலத்துக் கோயில்கள், ஜோகுலாம்பா சன்னதி, அம்மாவுக்காக அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அப்புறம் பெங்களூர், அங்கே இன்னொரு நாள் ஓய்வு, பிறகு கரூர், மறுநாள் வீடு. எட்டு நாள் ஓட்டம், இரண்டு நாள் ஓய்வு.

ஏன் ஜனவரி வேண்டாம் என்கிறேன் என்றால், டெல்லியிலிருந்து குவாலியர் வரை மூடுபனி. யமுனா எக்ஸ்பிரஸ்வேயிலேயே டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை கார்களின் வேக வரம்பை 100-லிருந்து 75 ஆகக் குறைக்கிறார்கள். சங்கராந்தி சமயத்தில் பர்மானில் பெரிய மேளாவும் நடக்கும், கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியாது. அப்பா அம்மாவை மட்டும் ரயிலில் நாக்பூர் வரை அனுப்பி அங்கே ஏற்றிக்கொள்ளலாமா என்று நானே முதலில் யோசித்தேன், ஆனால் அவர் கேட்ட இரண்டு ஆறும் நாக்பூருக்கு வடக்கே இருக்கின்றன, பிறகு எதற்கு இந்தப் பயணம்? பொங்கலுக்குப் பதிலாக பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி கடைசியில் கிளம்பினால் வடக்கே பனி விலகியிருக்கும், தெலுங்கானாவிலும் ராயலசீமாவிலும் வெயில் இன்னும் முற்றியிருக்காது. முன்னதாகவே ஊர் போய்ச் சேர்ந்து உத்திரம் வரை அவர்கள் வீட்டில் இருக்கட்டும். திரும்பி வருவது விமானத்தில், அதில் அண்ணன் பேச்சைக் கேளுங்கள்.

காகித வேலை கொஞ்சம். மருந்துகளை வேதிப்பெயரோடும் அளவோடும் ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் எழுதி நாலு பிரதி எடுங்கள், பிராண்ட் பெயரை மட்டும் சொன்னால் சாகரில் கடைக்காரர் கையை விரிப்பார். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி இசிஜி இரண்டும் போனிலும் கையிலும் இருக்கட்டும், பழைய இசிஜி பக்கத்தில் இருந்தால் புதியதைப் பார்க்கும் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. மருந்து பதினைந்து நாளுக்கு, இரண்டு பைகளில் பிரித்து, ஒன்று எப்போதும் வண்டிக்குள், டேஷ்போர்டில் வெயில் படாமல். அப்பா மத்திய அரசு ஓய்வூதியர் என்பதால் சிஜிஎச்எஸ் என்ற மத்திய அரசு மருத்துவத் திட்டத்தின் கார்டு இருக்கும், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளைக் குறித்து வையுங்கள். அது இல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு உண்டு, 2024 அக்டோபரிலிருந்து கொடுக்கிறார்கள், வெளி மாநிலத்திலும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் செல்லும். சிஜிஎச்எஸ் உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நெடுஞ்சாலையில் அவசரம் என்றால் 1033, எங்கேயும் 112. பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், அம்மா சேலை கசங்குகிறது என்றாலும்.

கடைசியாக அண்ணன். அவர் சத்தம் போடுவது தூரத்தில் இருக்கிற பிள்ளையின் பயம், அதை வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. பத்து நாள் திட்டத்தை அவருக்கு அனுப்பி, பெங்களூருக்கு வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். அங்கிருந்து திருநெல்வேலி வரை 600 கிலோமீட்டர், அதை அவர் ஓட்டட்டும், உங்கள் கணவருக்கும் கை ஓய்வு. வண்டியில் இடம் போதாது என்றால் நீங்களோ கணவரோ அங்கிருந்து ரயிலில் போங்கள். மகன் ஓட்டும்போது "டேய், நிறுத்துடா" என்று சொல்ல அப்பாவுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.